சாவுப்படுக்கையும் வினாக்கொத்தும்

வில்கமுவ என்ற பெயர் மாத்தளை மாவட்டத்துக்கு வெளியே அதிகம் அறியப்பட்டதல்ல. அறிந்தவர்களும் இரண்டு காரணங்களுக்காகவே அறிவர். ஒன்று, அயலிலுள்ள வஸ்கமுவ தேசிய வனத்தின் யானைகள். மற்றையது, சிறுநீரக நோய். 1990களில் வடமத்திய மாகாணத்தில் இனங்காணப்பட்ட அந்நோய் பற்றிப் பேசும்போது மதவாச்சி, பதவிய, கிராந்துருகோட்டே என்ற ஊர்களோடு வில்கமுவவும் சொல்லப்படும். நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ இல்லாத விவசாயிகளின் சிறுநீரகங்கள் சத்தமின்றிப் பழுதடைகின்றன. குடிநீர், விவசாய இரசாயனம், வெப்பம் எனப் பலவும் சந்தேகிக்கப்பட்டன. இதுதான் காரணம் என்று எதுவும் இன்னும் நிறுவப்படவில்லை.

காரணத்தைப் பற்றிப் பத்திரிகைக்காரர்களாகிய நாங்கள் பக்கம் பக்கமாக எழுதினோம். நோய் முற்றியவர் எவ்வாறு இறக்கிறார் என்பதை நான் ஒருநாளும் எழுதியதில்லை. வேறோர் ஊரில் என் சித்தப்பா சிறுநீரகம் செயலிழந்து கிடந்தபோது, “இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டு போங்கள்” என்றார்கள். ஓயாத அரிப்புக்கும் குமட்டலுக்கும் மூச்சுத்திணறலுக்கும் வீட்டில் என்ன செய்வதென்று எவரும் சொல்லித் தரவில்லை.

சொல்லித் தர அவர்களுக்குத் தெரிந்திருந்ததா? இந்தக் கேள்வியை உலகம் தாமதமாகவே கேட்டது. வில்லியம் ஒஸ்லர் என்ற புகழ்பெற்ற வைத்தியர் 1900க்குப் பின் அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில் சாவுக்கு ஓர் அட்டை வைத்துச் சுமார் 500 மரணங்களைப் பதிவு செய்வித்தார். அவற்றுள் 90 பேர் உடல் நோவோ அவதியோ அடைந்தனர் என்று 1904இல் அறிவித்தார். அவர் அளந்தது நோயாளியை. தாதியாக இருந்து, பின்னர் வைத்தியரான சிசிலி சோண்டர்ஸ் 1967இல் லண்டனில் புனித கிறிஸ்தோபர் இல்லத்தைத் திறந்தார். வலி திரும்பும்வரை காத்திராமல் நேரந்தவறாது மருந்து கொடுக்கும் முறை அங்கிருந்து பரவியது. பராமரிப்பவரை அளக்கும் முயற்சிகள் அதற்கும் பின்னர்தான் வந்தன. 1991இல் கதரின் ஃப்ரொமெல்ட் 30 கூற்றுகளைக் கொண்டு தாதியரின் மனப்பாங்கை அளந்தார். 1996இல் கனடாவில் மார்கரட் ரொஸ் குழுவினர் அறிவை அளக்க 20 கூற்றுகள் கொண்ட வினாக்கொத்தை வெளியிட்டனர். ‘சரி’, ‘பிழை’, ‘தெரியாது’ என்பவையே விடைகள்.

அவற்றில் சிலவற்றை, ஓய்வுபெற்ற தாதி ஒருவரிடம் தமிழில் சொல்லிக் கேட்டேன். மோர்பின் எடுப்பவருக்கு மலச்சிக்கலுக்கும் மருந்து வேண்டும் என்றதற்கு, “இதைக் கேட்கவும் வேண்டுமா?” என்று சிரித்தார். மோர்பினுக்கு நோயாளி அடிமையாவது பெரும் பிரச்சினையா என்றதும் தயங்கினார். “அது மூச்சையே நிறுத்திவிடும் என்றுதானே நாங்கள் படித்தோம், தம்பி” என்றார்.

புற்றுநோய் விடுதியில் இந்த அச்சம் அறியாமை எனப்படும். அளவறிந்து கொடுத்தால் அங்கே மோர்பின் பாதுகாப்பானது. ஆனால் சிறுநீரகம் செயலிழந்தவரின் உடலில் மோர்பினின் சிதைவுப்பொருட்கள் வெளியேறாமல் தேங்கி, மயக்கத்தையும் மூச்சுத் தளர்வையும் உண்டாக்கும். ஃபென்டனில் போன்ற வேறு மருந்தையே வைத்தியர்கள் நாடுவர். அந்த 20 கூற்றுகளில் சிறுநீரக நோயாளிக்கென்று ஒன்றும் இல்லை. 20க்கு 20 எடுத்த தாதி வில்கமுவவின் ஒரு வீட்டில் தவறிழைக்கலாம். தயங்கிய அம்மையாரின் பயம் அங்கே பாதி சரியாகவும் இருக்கலாம்!

2014இல் உலக சுகாதாரப் பேரவை, நோய்த்தணிப்புப் பராமரிப்பைச் சகல சுகாதார சேவைகளோடும் இணைக்கும்படி தீர்மானித்தது. இலங்கையின் தேசிய மூலோபாயக் கட்டமைப்பு 2019–2023 காலத்துக்கென வந்தது. தயாரித்தது தேசிய புற்றுநோய்க் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டம். 2021இல் பொலன்னறுவையில் சீன உதவியுடன் சிறுநீரகத்துக்கென்றே பெரிய வைத்தியசாலை திறக்கப்பட்டது. இரத்தச் சுத்திகரிப்பை நிறுத்திவிட்டு வீடு திரும்புபவரின் படலையைத் திறந்துகொண்டு போவது பிரதேசத் தாதியும் குடும்பநல உத்தியோகத்தரும்தான். அவர்களிடம் கேட்கவேண்டிய வினாக்கொத்தைச் சிங்களத்திலும் தமிழிலும் இனித்தான் எழுதவேண்டுமென்றால், முதல் கேள்வி அரிப்பைப் பற்றியதாக இருக்கட்டும். சித்தப்பா கடைசிவரை கேட்டது அதற்கு மருந்துதான்.