கிட்டாரின் எதிரொலி: ‘அனலாக்’ என்ற பெயரை நம்பி வாங்கலாமா?

ஆலயத் திருவிழா, திருமண வைபவம், பாடசாலைக் கலைவிழா என எதுவாயினும், இசைக்குழுவொன்று மேடையேறும் இடத்தில் மின்கிட்டாருக்கும் ஓர் இடமுண்டு. அதனை இசைப்பவரின் காலடியில் சிறு உலோகப் பெட்டிகள் சில வரிசையாக வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். அவற்றுள் ஒன்று, இசைத்த சுரத்தைச் சற்றுத் தாமதித்து மீண்டும் ஒலிக்கச் செய்யும் ‘டிலே’ பெடல் ஆகும். மாத்தளை, உக்குவளை, இரத்தோட்டை, தம்புள்ளை முதலிய ஊர்களில் இசையார்வம் கொண்ட இளைஞர் ஒருவருக்கு இத்தகைய பெடல் சிறிய செலவன்று. ‘அனலாக்’ என்ற சொல் அதன் மதிப்பை மேலும் உயர்த்துகின்றது. அச்சொல்லின் பொருள் யாது, அதற்குரிய பொறிமுறை பெட்டிக்குள் உண்மையில் இருக்கின்றதா என்பவற்றை அறிந்து வாங்குவதே விவேகமாகும்.

எதிரொலி இயற்கையிலேயே உள்ளது. ஒலி காற்றில் செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் வேகத்தில் செல்கின்றது. சிகிரியாக் குன்றின் செங்குத்தான பாறைச் சுவரிலிருந்து 50 மீற்றர் தொலைவில் நின்று ஒருவர் கைதட்டினால், ஓசை பாறையை அடைந்து திரும்புவதற்கு 100 மீற்றர் பயணம் செய்ய வேண்டும். அதற்கு ஏறத்தாழ 300 மில்லிசெக்கன் பிடிக்கும். டிலே பெடல் செய்வதும் இதனையே. பாறையும் வெட்டவெளியும் செய்யும் வேலையை அது உள்ளங்கையளவு பெட்டிக்குள் செய்து முடிக்கின்றது.

தொடக்கத்தில் இவ்வேலையை ஒலிநாடா செய்தது. சுழலும் நாடாவில் ஒலியைப் பதித்து, சற்றுத் தள்ளியுள்ள மற்றொரு தலையினால் அதனை வாசிப்பதே முறை. பிரித்தானியாவின் வொட்கின்ஸ் கொப்பிகட் 1958இலும், யப்பானின் ரோலண்ட் ஸ்பேஸ் எக்கோ 1974இலும் வெளிவந்த புகழ்பெற்ற நாடா இயந்திரங்களாகும். இலங்கையில் 1960களின் பிற்பகுதியில் மூன்ஸ்டோன்ஸ் குழுவின் வாயிலாக கிளாரன்ஸ் விஜேவர்த்தன சிங்கள மெல்லிசையில் மின்கிட்டாருக்கு நிலையான இடத்தைப் பெற்றுக்கொடுத்தார். தமிழில் நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் போன்றோரின் பொப் பாடல்கள் மக்களிடையே பரவின. அக்காலத்தில் எதிரொலி வேண்டிய குழுவொன்றுக்கு நாடா இயந்திரமே முக்கிய வழியாக இருந்தது. ஆனால் அது பாரமானது, நாடா தேயும், அடிக்கடி பராமரிப்பும் வேண்டும்.

இந்நிலையை மாற்றியது 1969இல் நெதர்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த சாங்ஸ்டர், டீர் ஆகிய இருவர் வெளியிட்ட கண்டுபிடிப்பாகும். தீயை அணைப்பதற்குக் கிணற்றடியிலிருந்து வீடுவரை வரிசையாக நின்று நீர்வாளிகளைக் கைமாற்றுவோரை நினைத்துப் பார்க்கலாம். அதேபோன்று, ஒரு சிப்பினுள் ஆயிரக்கணக்கான நுண்ணிய கொள்ளளவிகள் வரிசையாக அமைக்கப்பட்டிருக்கும். கிட்டார் ஒலியின் ஒவ்வொரு கணத்து அளவும் ஒரு மின்னேற்றமாக முதற் கொள்ளளவியில் நிரப்பப்படுகின்றது. உள்ளிருக்கும் கடிகாரச் சுற்று துடிக்குந்தோறும் அம்மின்னேற்றம் அடுத்த கொள்ளளவிக்குக் கைமாறுகின்றது. இதன் காரணமாகவே இவ்வகைச் சிப் ‘வாளி வரிசை’ எனப் பெயர் பெற்றது. ஒலியின் அளவு எங்கும் எண்ணாக மாற்றப்படாமல், மின்னேற்றமாகவே இறுதிவரை செல்கின்றது. அனலாக் என்பதன் பொருள் இதுவே.

தாமதத்தைக் கணிப்பதும் எளிது. படிகளின் எண்ணிக்கையைக் கடிகார மீடிறனின் இருமடங்கால் வகுத்தால் விடை கிடைக்கும். யப்பானின் மட்சுஷிட்டா நிறுவனம் தயாரித்த எம்.என்.3005 என்னும் புகழ்பெற்ற சிப்பில் 4,096 படிகள் உள்ளன. கடிகாரம் செக்கனுக்கு 10,000 தடவை துடித்தால் தாமதம் 204.8 மில்லிசெக்கன் ஆகும். நிமிடத்துக்கு 100 தட்டுகள் கொண்ட பைலா தாளத்தில் ஒரு தட்டு 600 மில்லிசெக்கன்; அதன் மூன்றிலொரு பங்கு 200 மில்லிசெக்கன். ஆகவே, இச்சிப் தரும் எதிரொலி அத்தாளத்தின் உட்பிரிவோடு ஏறக்குறைய ஒன்றி ஒலிக்கும்.

தாமதத்தைக் கூட்ட வேண்டுமாயின் கடிகாரத்தை மெதுவாக்க வேண்டும். அங்கேதான் ஒரு விலை கொடுக்க நேர்கின்றது. இதே சிப்பில் 300 மில்லிசெக்கன் பெறுவதற்குக் கடிகாரம் செக்கனுக்கு ஏறத்தாழ 6,800 தடவையே துடிக்க வேண்டும். கடிகார மீடிறனின் அரைப்பங்குக்கு மேற்பட்ட ஒலிகளை அது சரிவரக் கொண்டுசெல்லாது. எனவே 3,400 ஹேர்ட்ஸ் அளவுக்கு மேற்பட்ட கூர்மையான ஒலிகளை வடிகட்டி நீக்க வேண்டியுள்ளது. பழைய தொலைபேசி இணைப்புகளில் குரல் ஒலித்த எல்லையும் ஏறக்குறைய இதுவே. மீளொலி ஒவ்வொன்றும் அதே வரிசைக்குள் மறுபடியும் செலுத்தப்படுவதால், இரண்டாவது முதலாவதை விடவும், மூன்றாவது இரண்டாவதை விடவும் மங்கலாகும்.

பொறியியல் நோக்கில் இது குறையே. இசை நோக்கில் இதுவே அதன் சிறப்பு எனலாம். மங்கிச் செல்லும் எதிரொலி பாடகரின் சொற்களையும், கிட்டாரின் அடுத்த சுரத்தையும் மறைப்பதில்லை. பின்னணியில் ஒதுங்கி நிற்கின்றது. ஆயினும் மீளொலியின் அளவைக் கட்டுப்படுத்தும் குமிழை எல்லை வரை திருப்பினால், ஒலி அடங்காமல் வளர்ந்து ஊளையிடத் தொடங்கும் என்பதை மேடையேறுவோர் நினைவிற் கொள்ள வேண்டும்.

யப்பானின் போஸ் நிறுவனம் 1981இல் வெளியிட்ட டி.எம்.2 பெடல் 300 மில்லிசெக்கன் வரை தாமதம் தந்தது. 1983இல் அதே நிறுவனம் டி.டி.2 என்னும் டிஜிட்டல் பெடலை அறிமுகப்படுத்தியது. ஒலியை எண்களாக மாற்றிச் சேமித்த அப்பெடல் கூடுதல் தாமதத்தையும் தெளிவான மீளொலியையும் தந்தது. டி.எம்.2இன் உற்பத்தி 1984இல் நின்றது. பின்னர் மட்சுஷிட்டாவும் இவ்வகைச் சிப்களைக் கைவிட்டது. எனினும் இசைக்கலைஞர்கள் பழைய ஒலியைத் தேடியதால் காலம் மீண்டும் திரும்பியது. 2008இல் எம்.எக்ஸ்.ஆர். நிறுவனத்தின் கார்பன் கொப்பி 600 மில்லிசெக்கன் தாமதத்துடன் வெளிவந்தது. 2014இல் போஸ் நிறுவனமே டி.எம்.2 பெடலைப் புதுப்பித்து வெளியிட்டது. வேறு நிறுவனங்கள் பழைய சிப்களுக்கு நிகரானவற்றைத் தயாரிக்கத் தொடங்கின.

இம்மீள்வரவோடு ‘அனலாக்’ என்பது ஒரு விற்பனைச் சொல்லாகவும் மாறிவிட்டது. தாய்வானின் பிரின்ஸ்டன் டெக்னோலஜி நிறுவனம் தயாரித்த பி.ரி.2399 என்னும் மலிவான சிப், கரோக்கி இயந்திரங்களின் எதிரொலிக்காகப் பெரிதும் பயன்படுவது. அது ஒலியை எண்களாக மாற்றியே சேமிக்கின்றது. ஆகவே டிஜிட்டல் வகையைச் சேர்ந்தது. ஆனால் அதன் மீளொலியும் மங்கலாக ஒலிப்பதால், அதனைக் கொண்ட பெடல்கள் சில ‘அனலாக் ஒலி’ என்ற பெயரில் விற்கப்படுகின்றன. அச்சிப் தரமற்றது என்பதல்ல இதன் பொருள். பல நல்ல பெடல்கள் அதனைக் கொண்டே அமைக்கப்பட்டுள்ளன. டிஜிட்டல் சிப்புக்கு அனலாக் விலை கொடுக்கக்கூடாது என்பதே இங்கு வலியுறுத்தப்படுவது. உறுதி செய்யும் வழி ஒன்றுண்டு. விற்பவரின் இசைவுடன் பெடலின் மூடியைத் திறந்து சிப்பின் மேலுள்ள எழுத்துகளை வாசிக்க வேண்டும். எம்.என்.3005, எம்.என்.3205, வி3205 என்பன வாளி வரிசைச் சிப்கள். பழைய சிப்களின் பெயரில் போலிகளும் உலவுவதால், ஒலியைக் கேட்டுப் பார்ப்பதும் அவசியமாகும்.

வெளிநாட்டு உறவினர் அனுப்பும் பழைய பெடல்களிலும் கவனம் தேவை. அமெரிக்காவில் விற்கப்பட்ட பழைய டிலக்ஸ் மெமரி மேன் பெடல்கள் 120 வோல்ட் மின்சாரத்துக்கு உரியவை. நமது 230 வோல்ட் மின்சாரத்துடன் நேரடியாக இணைத்தால் கருகிவிடும். இன்றைய பெடல்களிற் பெரும்பாலானவை 9 வோல்ட் நேரோட்டத்தில், நடுமுனை மறையாக அமைந்த அடப்டரில் இயங்குபவை. முனை மாறினால் பெடல் பழுதடையக்கூடும்.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி, வெளிநாட்டுப் பொருட்களை எந்நேரமும் வாங்கிவிட முடியாது என்பதை நாட்டு மக்கள் அனைவருக்கும் உணர்த்தியது. இருப்பதைத் திருத்திப் பாவிக்கும் அறிவே அத்தகைய காலத்தில் கைகொடுக்கும். கொள்ளளவியும் மீடிறனும் நம் மாணவர் பௌதிகவியலில் கற்பவையே. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகின்றது. எளியதொரு டிலே சுற்றைப் பாடசாலையிலேயே அமைத்துக் காட்ட இசை ஆசிரியரும் விஞ்ஞான ஆசிரியரும் இணைந்தால் போதும். பெட்டியின் மேலுள்ள பெயரை நம்புவோராக அன்றி, அதன் உள்ளிருப்பதை அறிந்தோராக நமது இளங்கலைஞர்கள் மேடையேற வேண்டும்.