கஜானாச் சாவி யாரிடம்?
பிரின்ஸ் எட்வர்டு கவுண்டியும் பள்ளி மாவட்டத்தின் வரலாறும்



இந்த நினைவுச் சொற்பொழிவு மேடையில் கல்வியைப் பற்றிப் பலமுறை பேசியிருக்கிறோம். பாடநூலில் நாம் இல்லாதது பற்றி, வகுப்பறையில் ஆசிரியரின் பார்வை பற்றி, இடைநிற்றல் பற்றி, விடுதிச் சோற்றின் தரம் பற்றிப் பேசியிருக்கிறோம். பள்ளிக்கூடத்தின் பணத்தைப் பற்றி மட்டும் நாம் அதிகம் பேசியதில்லை. வரி போடுவது யார், செலவைத் தீர்மானிப்பது யார், எந்த எல்லைக்குள் அந்தப் பணம் சுற்றி வருகிறது என்ற கேள்விகளை அதிகாரிகளின் கேள்விகள் என்று விட்டுவிட்டோம். ஆதிக்கம் செய்பவர்கள் அப்படி விடுவதில்லை. இதை ஒரு வரலாற்றின் வழியாகச் சொல்லவே இன்று முயல்கிறோம். அந்த வரலாறு அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், பிரின்ஸ் எட்வர்டு என்னும் சிறிய கவுண்டியில் நடந்தது. கவுண்டி என்பதை நம் தாலுகா போன்ற ஒரு நிர்வாகப் பகுதி என்று வைத்துக்கொள்ளலாம்.

பள்ளி மாவட்டம் என்னும் அமைப்பு

அமெரிக்கப் பள்ளிக்கூடத்தை வாஷிங்டன் நடத்துவதில்லை. அந்நாட்டு அரசமைப்புச் சட்டத்தில் கல்வி என்ற சொல்லே கிடையாது. கல்வி மாநிலங்களின் பொறுப்பு. மாநிலங்கள் அந்தப் பொறுப்பில் பெரும்பகுதியைப் பள்ளி மாவட்டங்களிடம் ஒப்படைத்துள்ளன. இதன் வேர் பழையது. 1647-லேயே மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில், 50 குடும்பங்கள் உள்ள ஒவ்வொரு ஊரும் ஓர் ஆசிரியரை அமர்த்த வேண்டும் என்று சட்டம் வந்தது. ஊரே ஆசிரியரை அமர்த்தும், ஊரே சம்பளம் கொடுக்கும் என்ற வழக்கம் அங்கிருந்து வளர்ந்தது. 1940-ல் அமெரிக்காவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளி மாவட்டங்கள் இருந்தன. ஒன்றோடொன்று இணைக்கப்பட்டு இன்று சுமார் 13,000 இருக்கின்றன.

பொதுவாக ஒரு பள்ளி மாவட்டத்துக்கு ஒரு பள்ளி வாரியம் உண்டு. பெரும்பாலான இடங்களில் அதன் உறுப்பினர்களை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். வாரியம் கல்விக் கண்காணிப்பாளரை நியமிக்கும், பட்ஜெட் போடும், எந்தத் தெருப் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போக வேண்டும் என்று எல்லை வகுக்கும். பணம் மூன்று வழிகளில் வருகிறது. கூட்டரசின் பங்கு வழக்கமாகப் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மீதியை மாநிலமும் உள்ளூரும் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி சுமக்கின்றன. உள்ளூர்ப் பங்கில் பெரும்பகுதி சொத்துவரி. அதாவது வீட்டுக்கும் நிலத்துக்கும் என்ன மதிப்போ, அதைப் பொறுத்தே பள்ளியின் வருமானம் அமையும்.

கேட்பதற்கு இது நல்ல ஜனநாயகமாகத் தோன்றும். ஊர் மக்கள், ஊர்ப் பணம், ஊர்ப் பள்ளி. ஆனால் ஊர் என்றால் யார் என்று கேட்கப் பழகியவர்கள் நாம். ஊரும் சேரியும் இரண்டாக இருக்கும் நிலத்திலிருந்து வருகிற நமக்கு, ஊர்ப் பள்ளி என்ற சொல்லைக் கேட்டவுடன் அடுத்த கேள்வி தானாக எழும்.

தார்க் காகிதக் கொட்டகை

வர்ஜீனியாவில் அன்று பள்ளி வாரியத்துக்குத் தேர்தல் இருக்கவில்லை. அந்த உரிமையை 1992-ல்தான் அம்மாநிலம் அளித்தது. அதுவரை வாரிய உறுப்பினர்கள் நியமிக்கப்பட்டார்கள். வரி போடும் அதிகாரமும் பள்ளி வாரியத்துக்கு இல்லை. அது கவுண்டியின் மேற்பார்வை வாரியம் என்னும் வேறொரு அமைப்பின் கையில் இருந்தது. பள்ளியை நடத்துவது ஒருவர், காசு கொடுப்பது வேறொருவர். இந்த ஏற்பாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கவுண்டியின் தலைநகர் ஃபார்ம்வில். அங்கே கறுப்பின மாணவர்களுக்கான மோட்டன் உயர்நிலைப் பள்ளி 1939-ல் 180 பேருக்காகக் கட்டப்பட்டது. 1951-ல் 450-க்கும் மேற்பட்டோர் படித்தார்கள். உடற்பயிற்சிக் கூடம் இல்லை, உணவுக்கூடம் இல்லை. புதிய கட்டடம் கேட்டபோதெல்லாம் பணமில்லை என்றார்கள். இடநெருக்கடிக்குத் தீர்வாகத் தார்க் காகிதம் போர்த்திய கொட்டகைகளை எழுப்பினார்கள். மழையில் ஒழுகும், குளிரில் அடுப்பருகே இருப்பவருக்கு வெப்பம், தள்ளி இருப்பவர் மேல்சட்டையைக் கழற்ற முடியாது.

1951 ஏப்ரல் 23 அன்று பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயது மாணவி வேலைநிறுத்தத்தைத் தொடங்கினார். பள்ளியே வெளிநடப்புச் செய்தது. மாணவர்கள் கேட்டது ஒரு நல்ல கட்டடம். தேசிய கறுப்பின முன்னேற்றச் சங்கத்தின் வழக்கறிஞர்கள் ஆலிவர் ஹில், ஸ்பாட்ஸ்வுட் ராபின்சன் இருவரும், நல்ல சேரிப் பள்ளி கேட்டு வழக்குப் போட மாட்டோம், பிரிவினையையே எதிர்ப்பதானால் உடன் வருகிறோம் என்ற நிலையில் இருந்தார்கள். (சேரிப் பள்ளி என்பது நம்முடைய சொல்.) மாணவர்களும் பெற்றோரும் ஒப்புக்கொண்டார்கள். மே 23 அன்று 117 மாணவர்களின் பெயரில் வழக்குத் தாக்கலானது. மிரட்டலுக்கு அஞ்சிய குடும்பம், பார்பராவை அலபாமாவில் இருந்த மாமா வெர்னன் ஜான்ஸிடம் அனுப்பிவைத்தது.

ஒன்றைக் கவனியுங்கள். இல்லாத பணம், வழக்கு வந்த பிறகு கிடைத்துவிட்டது. 1953-ல் கறுப்பின மாணவர்களுக்குப் புதிய உயர்நிலைப் பள்ளி திறக்கப்பட்டது. பிரிவினையைக் காப்பாற்றத் தர வேண்டிய விலை என்று வந்ததும் கஜானா திறந்தது.

வரி போட மறுத்தவர்கள்

ஃபார்ம்வில் வழக்கு, பிரௌன் வழக்கில் சேர்ந்த ஐந்து வழக்குகளில் ஒன்று. 1954 மே 17 அன்று உச்ச நீதிமன்றம் பள்ளிப் பிரிவினை அரசமைப்புக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. மறுஆண்டு, கூடிய விரைவில் நிறைவேற்றுங்கள் என்ற பொருளில், காலக்கெடு இல்லாத ஆணை ஒன்று வந்தது. அந்த இடைவெளிக்குள் வர்ஜீனியாவின் ஆதிக்கவாதிகள் புகுந்தார்கள். செனட்டர் ஹாரி பேர்டின் தலைமையில் மாநிலம் தழுவிய எதிர்ப்பு உருவானது. வெள்ளைப் பிள்ளையும் கறுப்புப் பிள்ளையும் சேர்ந்து படிக்கும் பள்ளியை மூடிவிடச் சட்டம் இயற்றினார்கள். 1959 ஜனவரியில் நீதிமன்றங்கள் அந்தச் சட்டங்களைச் செல்லாதவை ஆக்கின.

அதன்பின் மாநிலச் சட்டமன்றம் செய்த காரியம்தான் நம் பாடம். கட்டாயக் கல்விச் சட்டத்தை நீக்கி, பள்ளி வருகையை உள்ளூரின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. மாநிலம் கையைக் கழுவியது. ஊர் பார்த்துக்கொள்ளும் என்றது.

பிரின்ஸ் எட்வர்டு மேற்பார்வை வாரியம், இரு இனக் குழந்தைகளும் சேர்ந்து படிக்கும் பொதுப் பள்ளிகளை நடத்துவதில்லை என்று 1956-லேயே தீர்மானம் போட்டிருந்தது. 1959 ஜூனில், வரும் கல்வியாண்டுக்குப் பள்ளி வரி விதிக்க மறுத்தது. அவ்வளவுதான். எந்தக் குழந்தையையும் வாசலில் நிறுத்தி அடிக்கவில்லை, எந்தப் பள்ளிக்கும் தீ வைக்கவில்லை. பட்ஜெட்டில் ஒரு வரியை எழுதாமல் விட்டார்கள். கவுண்டியின் எல்லாப் பொதுப் பள்ளிகளும் 1959 முதல் 1964 வரை ஐந்து ஆண்டுகள் பூட்டிக் கிடந்தன.

வெள்ளைக் குழந்தைகளுக்காக ஓர் அறக்கட்டளை தனியார் பள்ளிகளைத் தொடங்கியது. 1960-61-ல் அவற்றுக்கு முதன்மை வருமானம், மாநிலமும் கவுண்டியும் மாணவர்களுக்குக் கொடுத்த கட்டண உதவித்தொகை. கவுண்டி மட்டும் பிள்ளைக்கு 100 டாலர் கொடுத்தது. தனியார் பள்ளிக்கு நன்கொடை கொடுப்பவருக்குச் சொத்துவரியில் 25% வரை கழிவும் உண்டு. பொதுப் பணம் நிற்கவில்லை, வாய்க்காலை மாற்றிக்கொண்டது. கறுப்பின மக்களும் வரி கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்களுக்கும் தனிப் பள்ளி அமைத்துத் தருகிறோம் என்று வெள்ளையர் சிலர் முன்வந்தபோது அவர்கள் மறுத்தார்கள். அதை ஏற்றால் பிரிவினையை ஏற்றதாகும் என்பதை அறிந்திருந்தார்கள்.

அந்த மறுப்பின் விலை பெரிது. ஏறத்தாழ 1,700 கறுப்பினக் குழந்தைகளுக்குப் பள்ளி இல்லாமற் போனது. தனியார் பள்ளிக்குப் போக வழியில்லாத சில ஏழை வெள்ளைக் குழந்தைகளும் அதில் சிக்கினார்கள். சிலர் வேறு மாநிலங்களில் முகம் தெரியாத குடும்பங்களில் தங்கிப் படித்தார்கள். சிலருக்குத் தேவாலயத்தின் அடித்தளத்தில் எழுத்தறிவு வகுப்பு நடந்தது. பலர் வயல் வேலைக்குப் போனார்கள். திரும்பப் பள்ளிக்கு வரவேயில்லை. ஏழு வயதில் தொடங்கியிருக்க வேண்டிய பிள்ளை பன்னிரண்டு வயதில் எழுத்து கற்கத் தொடங்கினால் அதற்கு எந்த நீதிமன்றம் இழப்பீடு தரும்?

அருட்தந்தை பிரான்சிஸ் கிரிஃபினின் பிள்ளைகள் பெயரில் நடந்த வழக்கில் 1964 மே 25 அன்று தீர்ப்பு வந்தது. நீதிபதி ஹ்யூகோ பிளாக், தாமதத்துக்கான காலம் முடிந்துவிட்டது என்றார். தேவையானால் மேற்பார்வை வாரியத்தை வரி விதிக்கச் சொல்லி ஆணையிடவும் கீழ்நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்றார். உரிமை என்று எழுதினால் போதாது, வரி போடு என்று சொல்ல வேண்டியிருந்தது என்பதே இங்கு வரலாறு. பள்ளிகள் திறந்தபோதும் வெள்ளைக் குழந்தைகள் மிகச் சிலரே வந்தார்கள். 2003-ல், அந்தத் தலைமுறை முதுமையை நெருங்கிய பிறகு, சட்டமன்றம் வருத்தம் தெரிவித்தது.

எல்லைக்கோடு

பிரின்ஸ் எட்வர்டில் கோபத்தோடு செய்ததை, வேறு இடங்களில் கோபமே இல்லாமல் எல்லைக்கோடு செய்துவிடுகிறது. டெக்சாஸின் சான் அன்டோனியோவில் எட்ஜ்வுட் என்ற பள்ளி மாவட்டம். மாணவர்களில் 90% மெக்சிகோ வம்சாவளியினர். 1968 மே மாதம் அங்கும் மாணவர்கள் வெளிநடப்புச் செய்தார்கள். டெமெட்ரியோ ரோட்ரிக்ஸ் என்ற தந்தையும் பிற பெற்றோரும் வழக்குத் தொடுத்தார்கள். நீதிமன்றப் பதிவில் உள்ள 1967-68 கணக்கைப் பாருங்கள். எட்ஜ்வுட் மக்கள் 100 டாலர் சொத்து மதிப்புக்கு 1.05 டாலர் வரி கட்டினார்கள். ஒரு மாணவருக்குக் கிடைத்தது 26 டாலர். அதே நகரில் வெள்ளையர் மிகுந்த ஆலமோ ஹைட்ஸ் 0.85 டாலர்தான் கட்டியது. ஒரு மாணவருக்கு 333 டாலர் கிடைத்தது. ஏழைகள் அதிக விகிதத்தில் வரி கட்டி, பன்னிரண்டில் ஒரு பங்குக்கும் குறைவாகப் பெற்றார்கள். மாநில, கூட்டரசு உதவி சேர்ந்த பிறகும் நிலைமை 356-க்கு 594.

1973-ல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் பெற்றோருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கல்வி அந்த அரசமைப்பின்படி அடிப்படை உரிமை அல்ல, உள்ளூர்க் கட்டுப்பாடு நியாயமான நோக்கம் என்றது. தீர்ப்பை எழுதிய லூயிஸ் பவல், வர்ஜீனியாவின் ரிச்மண்ட் பள்ளி வாரியத்துக்கு 1952 முதல் 1961 வரை தலைவராக இருந்தவர். கடுமையாக மறுத்து எழுதியவர்களில் ஒருவர், பிரௌன் வழக்கை வாதாடிய தர்குட் மார்ஷல். எட்ஜ்வுட் மக்கள் ஓயவில்லை. 1989-ல் டெக்சாஸ் மாநில உச்ச நீதிமன்றத்தில், மாநில அரசமைப்பின் அடிப்படையில் வென்றார்கள்.

நமக்கு என்ன?

இது அயல்நாட்டுக் கதை என்று நாம் ஒதுக்க முடியாது. அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் கொலம்பியாவில் படித்தவர். அவரது ஆய்வுகளில் ஒன்று பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாண நிதி பற்றியது. 1925-ல் நூலாக வந்தது. 1948 நவம்பர் 4 அன்று அரசமைப்பு அவையில், கிராமத்தை அரசியலின் அடிப்படை அலகாக்கச் சொன்னவர்களை அவர் கடுமையாக மறுத்தார். அதை வெறும் கசப்பு என்று படித்தவர்கள் உண்டு. நிதியைக் கற்றவரின் எச்சரிக்கையாகவும் அதைப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறோம். ஆதிக்கச் சாதியின் கையில் ஊரையும் ஊரின் பணப்பையையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு, அவர் மறைந்து மூன்று ஆண்டுகளில் பிரின்ஸ் எட்வர்டு சாட்சியானது.

மறுபக்கமும் உண்டு. நம் பள்ளிகளுக்குக் காசு பெரும்பாலும் மேலிருந்து வருகிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009-ன்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், நலிந்த பிரிவினருக்கு உரிய பங்கு. பள்ளி வளர்ச்சித் திட்டம் எழுதும் பொறுப்பு அந்தக் குழுவுக்கு உண்டு. வரி போடும் அதிகாரம் கிடையாது. அது நமக்குப் பாதுகாப்பும்கூட. ஆனால் திட்டத்தை எழுதுவது யார், கையெழுத்தை மட்டும் போடுவது யார்? 2023 நிதிநிலை அறிக்கையில், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் உள்ளிட்டவற்றைப் பள்ளிக்கல்வித் துறையின் கீழ்க் கொண்டுவரும் அறிவிப்பு வந்தபோது நம்மிடையே விவாதம் எழுந்தது. தனியே இருந்தால் ஒதுக்கம், சேர்ந்தால் நமக்கான நிதியும் பணியிடமும் கரையுமோ என்ற அச்சம். இரண்டும் உண்மையான கவலைகள். துறையின் பெயரை வைத்து மட்டும் இதற்கு விடை காண முடியாது.

ஆகவே மாணவ நண்பர்களிடம் ஒரு வேலை கேட்கிறோம். உங்கள் ஊர்ப் பள்ளிக்குப் போனால் மூன்று கேள்விகள் கேளுங்கள். பணம் எங்கிருந்து வருகிறது? செலவை முடிவு செய்யும் கூட்டத்தில் நம்மவர் யார் உட்கார்ந்தார், என்ன பேசினார்? இந்தப் பள்ளியின் எல்லை எந்தத் தெருவோடு நிற்கிறது? விடை எழுத்தில் கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கிடைத்ததை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள், சேர்ந்து படிப்போம்.

பார்பரா ஜான்ஸ் தொடங்கியது ஒரு கட்டடத்துக்கான சண்டை. அது கஜானாச் சாவி வரை போனது. நம் பிள்ளைகளின் சண்டையும் அதுவரை போக வேண்டும்.

ஜெய் பீம்.