பங்கசு எதிர்ப்பு மருந்தும் ‘பாதுகாப்பு’ என்னும் கருத்தும்: புளூக்கொனசோல் பற்றிய சில வரலாற்றுக் குறிப்புகள்

மருந்துப் பெட்டியினுள் மடித்து வைக்கப்படும் துண்டுப்பிரசுரத்தை எவரும் இலக்கியமாகக் கொள்வதில்லை. ஆயினும், அது யாரை நோக்கிப் பேசுகின்றது, அவருக்கு எத்தகைய வாழ்க்கை வாய்த்திருப்பதாகக் கருதிக்கொள்கின்றது என்னும் வினாக்களை அதனிடமும் நாம் எழுப்பலாம். பாரதூரமான பங்கசுத் தொற்றுகளுக்கு வழங்கப்படும் புளூக்கொனசோல் என்னும் மருந்தை எடுத்துக்கொள்வோம். விதித்த அளவைக் குறித்த காலம் முழுவதும் உட்கொள்ளல் வேண்டும். சுகம் கண்டதும் நிறுத்தலாகாது. ஈரல் நோய், சிறுநீரக நோய், இருதயத் துடிப்பு ஒழுங்கீனம், கருப்பம் ஆகியன பற்றி வைத்தியருக்கு முன்கூட்டியே அறிவித்தல் வேண்டும். உட்கொள்ளும் பிற மருந்துகள் யாவற்றையும் சொல்லுதல் வேண்டும்.

இவ்விதிகள் வெறும் சம்பிரதாயமல்ல. பங்கசின் கலமென்சவ்வுக்கு வேண்டிய எர்கொசுத்தெரோலை ஆக்கும் நொதியத்தை இம்மருந்து தடுக்கின்றது. அந்நொதியத்தின் உறவினங்கள் மனித ஈரலிலும் உள. அவற்றையும் ஓரளவு அது தடுத்துவிடுகின்றது. அதனால், குருதி உறைதலைத் தடுக்கும் வாபரினை உட்கொள்பவருக்கு இரத்தப்பெருக்கு நேரலாம். வலிப்புக்கான பெனிற்றோயின் உடலில் தேங்கி நஞ்சாகலாம். மாறாக, காசநோய் மருந்தாகிய றிபாம்பிசின் புளூக்கொனசோலையே விரைவில் உடலிலிருந்து அகற்றிவிடும். சிறுநீரின் வழியாகவே பெரும்பாலும் வெளியேறுவதாகலின், சிறுநீரகம் நலிந்தவருக்கு அளவைக் குறைக்க வேண்டியுள்ளது.

பற்றீரியாவிலும் பார்க்கப் பங்கசு மனிதக் கலத்துக்கு நெருங்கிய உறவுடையது. ஒன்றைக் கொன்று மற்றதைக் காத்தல் எளிதன்று. 1950களில் வெனிசுவேலாவின் ஒறினோக்கோ ஆற்றுப்பகுதி மண்ணிலிருந்து பெறப்பட்ட நுண்ணங்கியொன்றிலிருந்து சுகுவிப் நிறுவனத்தார் அம்போதெரிசின் பி என்னும் மருந்தைப் பிரித்தெடுத்தனர். அது பங்கசை அழித்தது, சிறுநீரகத்தையும் தாக்கியது. நாளத்தின் வழியே சொட்டுச் சொட்டாக ஏற்றப்படும்போது நடுக்கமும் காய்ச்சலும் உண்டாயின. உப்புநீரை முன்னரே ஏற்றி, பொற்றாசியம், கிரியற்றினின் அளவுகளை இடையிடையே சோதித்து, அதனைப் பாதுகாப்பாக வழங்கலாம். ஆனால் அதற்குக் கட்டில் வேண்டும், தாதி வேண்டும், ஆய்வுகூடம் வேண்டும்.

இங்கிலாந்தின் சன்ட்விச்சில் பைசர் நிறுவனத்தின் ஆய்வாளர் கண்டுபிடித்த புளூக்கொனசோல் 1980களின் இறுதியில் விற்பனைக்கு வந்தது. வாயால் உட்கொள்ளத்தக்கது, மூளையைச் சூழ்ந்த பாய்பொருளையும் சென்றடைவது, முன்னையதைவிடப் பெரிதும் சாந்தமானது. எயிட்ஸ் பரவிய காலமும் அதுவே. நோயெதிர்ப்பாற்றல் குன்றியோரைக் கிரிப்ற்றொகொக்கசு என்னும் பங்கசு மூளையுறை அழற்சியால் வீழ்த்தியது. மருந்து தேவைப்பட்டோர் பெருந்தொகையினராகவும் வறியவராகவும் இருந்தனர். அதன் காப்புரிமை ஒரே நிறுவனத்திடம் இருந்தது.

இம்முரண்பாடு தென்னாபிரிக்காவில் வெளிப்படையாக வெடித்தது. 1998இல் தோன்றிய சிகிச்சைச் செயல் இயக்கம் 2000ஆம் ஆண்டில் இம்மருந்தின் விலையை எதிர்த்துப் போராடியது. அதன் உறுப்பினரான கிறிஸ்தோபர் மொறாக்கா, மலிவான மருந்தின் தேவை பற்றி நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியமளித்தவர். அவ்வாண்டு யூலையில் இறந்தார். புளூக்கொனசோல் தணிக்கக்கூடிய தொற்றால் அவர் துன்புற்றிருந்தார். ஒக்டோபரில் சக்கி அக்மத் தாய்லாந்து சென்று, அங்கு ‘பயோசோல்’ என்னும் பெயரில் விற்கப்பட்ட அதே மருந்தை ஆயிரக்கணக்கில் எடுத்துவந்தார். மொறாக்காவின் பெயர் சூட்டப்பெற்ற அச்சட்டமறுப்பு, இரு விலைகளை அருகருகே வைத்துக் காட்டியது: அரச வைத்தியசாலைகளுக்கு ஒரு வில்லை ஏறத்தாழ 28 றாண்ட், தாய்லாந்து வில்லை 2 றாண்டுக்கும் குறைவு. (வணிகப் பெயரை நீக்கி மருந்தைப் பொதுப்பெயராலேயே கொள்வனவு செய்யவேண்டுமென, 1971இல் அமைந்த அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் வாயிலாக எமது நாட்டில் முயன்ற பேராசிரியர் சேனக பிபிலே நினைவுக்கு வருவது இயல்பே.)

தாய்லாந்தில் மட்டும் விலை தாழ்ந்திருந்தது எவ்வாறு? அங்கும் முன்னர் அந்நிறுவனத்துக்குத் தனியுரிமை இருந்தது. அத்தனியுரிமைக்கு வழங்கிய பெயர் மனங்கொள்ளத்தக்கது: ‘பாதுகாப்புக் கண்காணிப்புத் திட்டம்’. புதிய மருந்தின் பக்கவிளைவுகளை அவதானிக்கும் காலத்தில் வேறெவரும் அதனை ஆக்கலாகாது என்பது விதி. நோயாளியின் பாதுகாப்பு என்னும் சொல்லே சந்தையின் பாதுகாப்பாகவும் தொழிற்பட்டது. 1998இல் அக்காலம் முடிவுற்றதும் உள்ளூர் ஆக்கங்கள் வந்தன, விலை சரிந்தது.

2000 டிசெம்பரில் பைசர், தென்னாபிரிக்க அரசுடன் உடன்படிக்கை செய்து மருந்தை இலவசமாக வழங்க முன்வந்தது. முதலில் கிரிப்ற்றொகொக்கசு மூளையுறை அழற்சிக்கு மாத்திரம். இதனை வெறும் ஏமாற்றென ஒதுக்குதல் நேர்மையாகாது. அதனால் உயிர் பிழைத்தோர் உளர். எனினும் நன்கொடை விலைக்கட்டமைப்பைத் தொடவில்லை. இன்னொன்றும் நிகழ்ந்தது. எளிதிற் கிடைத்த புளூக்கொனசோல் தனியொன்றாகவே ஆபிரிக்காவின் பல வைத்தியசாலைகளில் முழுச் சிகிச்சையுமாயிற்று. அது இப்பங்கசின் பெருக்கத்தைத் தடுக்குமேயன்றி விரைந்து கொல்லாது. தனித்து வழங்கப்பட்டவருள் ஏறத்தாழ அரைவாசிப் பேரோ அதனினும் கூடியோரோ பத்து வாரங்களுள் இறந்தமையைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. துண்டுப்பிரசுரத்தின் விதிகளை ஒன்றுவிடாது கைக்கொண்டவரும் அவருள் இருந்திருப்பர்.

மலாவி, சாம்பியா, தன்சானியா, கமறூன் ஆகிய நாடுகளில் நடந்து 2018இல் வெளிவந்த ஆய்வு, புளூசைற்றோசினைச் சேர்த்த குறுகியகாலச் சிகிச்சையே மேலானது என நிறுவியது. 2022இல் வெளியான மற்றோர் ஆய்வு, கொழுப்புறையிட்ட அம்போதெரிசினை ஒரே தடவை உயர்ந்த அளவில் ஏற்றி, புளூசைற்றோசினையும் புளூக்கொனசோலையும் இரு வாரம் கொடுத்தல் போதுமென்றும், பக்கவிளைவுகள் குறைவென்றும் காட்டியது. உலக சுகாதார நிறுவனமும் அதனை ஏற்றுக்கொண்டது. புளூசைற்றோசின் 1957இல் ஆக்கப்பட்ட பழைய மருந்து. அதனைத் தடுக்கக் காப்புரிமை எதுவும் எஞ்சியிருக்கவில்லை. ஆயினும் 2018ஆம் ஆண்டளவிலும் ஆபிரிக்க நாடுகள் பெரும்பாலானவற்றில் அது பதிவுகூடச் செய்யப்பட்டிருக்கவில்லை. இலாபம் தராத நோயாளருக்காகப் பதிவுக்கு விண்ணப்பிக்க நிறுவனங்கள் முன்வரவில்லை.

தொடக்கச் சிகிச்சைக்குப் பின் எட்டு வாரங்கள் உயர்ந்த அளவிலும், அதன்மேல் நோயெதிர்ப்பாற்றல் மீளும்வரை நாளொன்றுக்கு 200 மில்லிகிராமும் புளூக்கொனசோல் உட்கொள்ள வேண்டியிருக்கும். எயிட்ஸ் நோயாளரிடையே காசநோயும் மலிந்திருப்பதால் அவருட் பலர் அக்காலத்தில் றிபாம்பிசினும் உட்கொள்வர். இரு மருந்துகளும் பெரும்பாலும் இரு வேறு சிகிச்சை நிலையங்களில், இரு வேறு அட்டைகளில் எழுதப்படுகின்றன. ‘ஏனைய மருந்துகளைக் கூறவும்’ என்னும் விதி, அவ்விரு அட்டைகளையும் ஒருங்கே பார்க்க நேரமுள்ள ஒரு தாதியை வேண்டிநிற்கின்றது.