மூடிக் கிடந்த கணக்குப் புத்தகம்

பழவேற்காட்டில் கோட்டை கட்டிய கம்பெனி என்றுதான் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியை நாம் அறிவோம். பங்குச்சந்தையின் இன்றைய இரண்டு சச்சரவுகளும் அதன் பங்குகளைச் சுற்றித்தான் முளைத்தன. நிர்வாகத்தைப் பங்குதாரர் தட்டிக் கேட்பது ஒன்று. ஊருக்குத் தெரியாத செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு பங்கு விற்பது இன்னொன்று. 1609-இல் ஆம்ஸ்டர்டாமில் இரண்டையும் ஒரே ஆள் செய்தார். 1602-இல் 85,000 கில்டர் போட்டு அந்நகரக் கிளையின் மிகப் பெரிய பங்குதாரரான ஐசக் லெ மேர், செலவுக் கணக்குத் தகராறில் 1605-இல் இயக்குநர் பதவியை விட்டு விலகியவர்.

1609 ஜனவரியில், நாட்டின் தலையாய அரசியல் தலைவரான ஓல்டன்பார்னவெல்ட்டிடம் அவர் மனு கொடுத்தார். முதலீட்டாளர்களின் பணம் அவர்கள் சம்மதிக்காத வழிகளில் செலவாகிறது என்பது முறையீடு. அடுத்த மாதமே ஒன்பது பேர் கொண்ட ரகசியக் கூட்டு ஒன்றை அமைத்து, கையில் இல்லாத பங்குகளை, பின்னொரு தேதியில் கொடுப்பதாக விற்கத் தொடங்கினார். அதற்குள் விலை விழுந்தால் மலிவாக வாங்கிக் கொடுத்து லாபம் பார்க்கலாம். போட்டிக் கம்பெனி ஒன்றைத் தொடங்கப் பிரெஞ்சு மன்னருடன் அவர் மறைவாகப் பேசிக்கொண்டிருந்தது வாங்கியவர்களுக்குத் தெரியாது. கூட்டு வதந்திகளையும் பரப்ப, விலை சரிந்தது. விதவைகளும் அநாதைகளும் நஷ்டப்படுகிறார்கள் என்று இயக்குநர்கள் அரசிடம் முறையிட, கையில் இல்லாத பங்கை விற்க 1610 பிப்ரவரியில் தடை வந்தது.

லாபத்துக்காகப் புகார் சொன்னவரின் பேச்சை எதற்கு மதிக்க வேண்டும்? இன்று, விலை விழும் என்று பந்தயம் கட்டிவிட்டுக் கம்பெனிகளைக் குறை சொல்லும் ஹெட்ஜ் ஃபண்டுகளைப் பற்றியும் இதே கேள்வி எழுகிறது. லெ மேர் விற்ற விதம் தவறு. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் புகார் உண்மையா என்பதைச் சொன்னவரின் நோக்கம் தீர்மானிக்காது, கணக்குதான் தீர்மானிக்கும். அந்தக் கணக்கு மூடியே கிடந்தது. பத்தாண்டு முடிவில் பொதுக்கணக்கு காட்ட வேண்டும் என்று கம்பெனியின் 1602-ஆம் ஆண்டுச் சாசனம் சொல்லியும் 1612-இல் காட்டவில்லை. கப்பல்களைத் தயார்செய்யும் செலவிலும் இயக்குநர்களுக்கு நூற்றுக்கு ஒன்று கமிஷன். செலவு ஏற ஏற அவர்களுக்கு வரவு. 1610-இல் அறிவித்த முதல் லாபப்பங்கைப் பணமாகத் தராமல் ஜாதிபத்திரியாக அளந்தார்கள், அதுவும் கம்பெனி வைத்த விலையில். ஒரே ஊரில் அத்தனை பேரும் அதே சரக்கை விற்கப் போனால் யார் வாங்குவார்கள்?

போர்க்காலத்தில் கணக்கைத் திறந்தால் எதிரிக்குத் துப்புக் கிடைக்கும் என்பது இயக்குநர்களின் வாதம். அதில் நியாயம் உண்டு. ஆனால் எதிரிக்கு மறைத்த செய்தி இயக்குநர்களுக்குத் தெரிந்தே இருந்தது. அதை வைத்து அவர்கள் தமக்கு லாபம் பார்க்கிறார்கள் என்று 1622-இல் பங்குதாரர்கள் துண்டுப் பிரசுரங்களில் குற்றம் சாட்டினார்கள். 1623-இல் புதுப்பித்த சாசனம் நடுவழி ஒன்றைக் கண்டது: பெரும் பங்குதாரர் ஒன்பது பேர் உறுதிமொழி எடுத்துக்கொண்டு கணக்கைப் பார்க்கலாம், இயக்குநர் பதவிக்கும் மூன்றாண்டு வரம்பு. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் இதைச் செய்திருந்தால் லெ மேரின் வதந்திகளுக்கு விலை போயிருக்காது. விற்பனைத் தடையோ 1621, 1623, 1624 என்று திரும்பத் திரும்பப் பிறப்பிக்க வேண்டியிருந்தது. சந்தை அதைச் சட்டை செய்யவே இல்லை.