நுண்பாசி உயிர்வாயு மாதிரிகள்: வளைகோடு பொருந்தினால் போதுமா?

நுண்பாசியைக் காற்றில்லாக் கலனில் செரிக்கவிட்டு மீத்தேன் எடுக்கலாம் என்பதைக் கலிஃபோர்னியாவில் கோலூக், ஆஸ்வால்ட், கோட்டாஸ் ஆகிய மூவரும் 1957இலேயே காட்டிவிட்டனர். தடையும் அப்போதே தெரிந்தது: பாசியின் செல் சுவர் பாக்டீரியாவுக்கு எளிதில் இடம் கொடுப்பதில்லை. இந்தச் சுவரைச் சமன்பாட்டில் எங்கே வைப்பது என்பதில்தான் இன்றைய மாதிரிகள் தடுமாறுகின்றன.

கிடைக்கக்கூடிய மீத்தேனின் உச்ச வரம்பைப் பஸ்வெல் சமன்பாடு தரும். ஒரு கிராம் மாவுப்பொருளுக்கு 415 மி.லி., கொழுப்புக்கு ஏறத்தாழ 1,014 மி.லி. எத்தனை நாளில் கிடைக்கும் என்பதை அது சொல்லாது. அதற்காகப் பெரும்பாலோர் கையாள்வது முதல்படி மாதிரி. அதில் இரண்டே அளபுருக்கள்: இறுதி விளைச்சல், வேக மாறிலி.

சிக்கல் இங்கேதான். ஒரு கற்பனைப் பாசியின் இறுதி விளைச்சல் 400 மி.லி., வேக மாறிலி நாளுக்கு 0.02 என்போம். இன்னொன்றுக்கு 200 மி.லி., 0.05. பத்தாம் நாளில் இவை முறையே 73, 79 மி.லி. தரும், இருபதாம் நாளில் 132, 126. சோதனைப் பிழைக்குள் இரண்டும் ஒன்றுதான். அறுபதாம் நாளில்தான் 280, 190 எனப் பிரிகின்றன. இருபது நாளில் சோதனையை முடித்தவருக்கு இரு மாதிரிகளுமே அழகாகப் பொருந்தும். கணினிக்கு எதையும் பொருத்திக் காட்டத் தெரியும். ஆனால் முதலாவது பாசிக்கு வேண்டியது பெரிய கலன். இரண்டாவதற்கு வேண்டியது, சுவரை உடைக்கும் வெப்ப முன்பதப்படுத்தல். செலவுக் கணக்கே வேறு.

காற்றில்லாச் செரிமானத்துக்கென 2002இல் வெளியான ஏடிஎம்1 போன்ற விரிவான மாதிரிக்குத் தாவுவதால் மட்டும் இது தீராது. அளபுருக்கள் பெருக, ஐயமும் பெருகும். மைரே குழுவினர் 2011இல் குளோரெல்லாவுக்காக அதில் செய்த மாற்றத்தை நான் மதிக்கிறேன். நீராற்பகுப்பின் வேகம் உணவின் அளவை மட்டுமல்ல, உணவுக்கும் பாக்டீரியாவுக்கும் உள்ள விகிதத்தையும் பொறுத்தது என்னும் கோன்டுவா விதியை அவர்கள் புகுத்தினர். ஊட்டம் மாறும் தொடர்கலனில் சோதித்துப் பார்க்கக்கூடிய கூற்று அது.

அம்மோனியாவும் தொடர்கலனில்தான் தன் குணத்தைக் காட்டும். புரதம் மிகுந்த பாசி செரிக்கையில் நைட்ரஜன் அம்மோனியாவாக வெளிப்படும். 35 பாகை செல்சியஸில், கார அமிலக் குறியீடு 7 ஆக இருக்கையில் அதில் சுமார் 1 விழுக்காடே நச்சான தனி அம்மோனியா. குறியீடு 8ஐத் தொட்டால் 10 விழுக்காடு. பாசிக் கசடுடன் கழிவுத்தாளைச் சேர்த்து, கார்பன்–நைட்ரஜன் விகிதத்தை உயர்த்திய யென், புரூன் ஆகியோர் 2007இல் மீத்தேன் உற்பத்தி கூடியதைக் கண்டனர். ஒரே முறை ஊட்டமிடும் நீர்த்த தொகுதிச் சோதனையில் இந்த அம்மோனியாத் தடை பெரும்பாலும் கண்ணில் படுவதே இல்லை.

ஆகவே, ஒரு தொகுதிச் சோதனையின் வளைகோட்டையும் 0.99 என்ற பொருத்தக் கெழுவையும் மட்டும் முன்வைக்கும் கட்டுரை தன் மாதிரியைச் சரிபார்த்ததாகாது. வாயு வெளியீடு ஓயும்வரை சோதனை நடந்ததா, இரு அளபுருக்களின் பிழை எல்லைகளும் அவற்றுக்கிடையிலான ஒட்டுறவும் தரப்பட்டுள்ளனவா, தொடர்கலன் தரவோடு ஒப்பிட்டார்களா என்று இதழாசிரியர்கள் கேட்டு வாங்க வேண்டும்.