சீமை இலுப்பை

சப்போட்டாவுக்குத் தமிழில் சீமை இலுப்பை என்றும் பெயர் உண்டு. சீமை என்பது எல்லையைக் குறித்த வடசொல். சேதுச் சீமை, சிவகங்கைச் சீமை என ஆட்சிப் பரப்புக்கு வழங்கி, வெள்ளைக்காரர் காலத்தில் கடல் கடந்த நாட்டைச் சுட்டலாயிற்று. மண்ணெண்ணெய் சீமையெண்ணெய் ஆனதும் அப்படித்தான். சப்போட்டாவின் சீமை மெக்சிகோவும் நடு அமெரிக்காவும்.

பெயரின் பின்பாதி தாவரவியலுக்கும் பொருந்துகிறது. கீறினால் பால் வடியும் இலுப்பையும் சப்போட்டாவும் ஒரே குடும்பம். திருவொற்றியூர்த் தியாகராசர் கோயிலின் தல மரமான மகிழமும் அதில் சேர்ந்ததே. தாம் மணக்கும் சங்கிலியாரைப் பிரிவதில்லை என்று சிவனடியார் சுந்தரர் சத்தியம் செய்தது மகிழடியில் என்பது தலக்கதை. மாசித் திருவிழாவில் மகிழடி சேவை இன்றும் நடக்கிறது. மகிழம்பழத்தின் மாவுச்சதையிலும் துவர்ப்பு கலந்த இனிப்புதான்.

சப்போட்டா என்ற சொல்லின் வேர் மெக்சிகோவின் நாவாட்டில் மொழியில் உள்ள ‘த்சாபொத்ல்’. ஸ்பானியர் வாயில் அது சப்போத்தே ஆயிற்று. மெத்தென்ற இனிப்புப் பழங்கள் பலவற்றுக்கு அது பொதுப்பெயர். பெர்சிமனின் இனமான கருஞ்சப்போட்டாவும் அதில் அடக்கம். வேடிக்கை என்னவென்றால், இந்த மெக்சிகோ மரத்தின் அறிவியல் பெயரில் முதற்பாதியான ‘மணில்காரா’ மலையாள நாட்டுப் பெயர். 17ஆம் நூற்றாண்டின் ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்னும் தாவர நூலின் வழியாக அச்சேறியது.

உப்புக்காற்றையும் மணலையும் தாங்குவதால் எண்ணூர், இராயபுரம் போன்ற கடலோரப் பகுதி வீடுகளுக்கு ஏற்ற மரம் இது. நாற்றங்கால்களில் உறவுமரமான பாலைக் கன்றில் ஒட்டுக்கட்டுகிறார்கள். பெரியகுளம் தந்த பி.கே.எம்.1 ரகம் குட்டையாக வளர்வதால் சிறிய கொல்லைக்கும் ஒத்துவரும்.

பறிக்கும் பக்குவம் அறிவதுதான் கடினம். பழுத்தாலும் தோல் பழுப்பாகவே இருக்கும். மேலே ஒட்டிய பழுப்புத் தூள் தேய்த்தால் உதிர வேண்டும். நகத்தால் லேசாகக் கீறினால் பச்சை தெரியாமல் மஞ்சள் தெரிய வேண்டும். பாலும் அதிகம் கசியக்கூடாது. இளங்காயைப் பறித்தால் சுருங்கும், துவர்ப்பும் போகாது. முற்றியதைப் பால் வடியவிட்டு, கழுவித் துடைத்து, அரிசிப் பானையிலோ வைக்கோலிலோ வைத்தால் ஒரு வாரத்துக்குள் கனியும். காய் தானே விடும் எத்திலீன் வாயு வெளியேறாமல் தங்குவதே இதன் சூட்சுமம். துவர்ப்புக்குக் காரணமான டானின் கரையாத நிலைக்கு மாறுவதால் நாக்கில் துவர்ப்பதில்லை. காயைக் குளிர்பெட்டியில் வைத்தால் கனிவது கெடும்; கனிந்த பிறகு வைக்கலாம். கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பது சட்டப்படி குற்றம்.

சமையலறையில் இதற்குத் துணை பால்தான். விதை நீக்கிய சதையைக் குளிர்ந்த பாலில் அடித்தால் சர்க்கரை அதிகம் தேவைப்படாது. நெய்யில் கிளறினால் அல்வா. விதையின் ஓரத்தில் கொக்கி போன்ற முனை இருப்பதால், தவறி விழுங்கினால் தொண்டையில் சிக்கும். குழந்தைகளுக்கு விதையை எடுத்துவிட்டே தர வேண்டும்.