மன்னார் முத்துச் சலாபம்

ஈழநாட்டின் கடல்வளத்தைப் பற்றிப் பேசுவோர் மன்னார்க் குடாவின் முத்தை மறத்தல் இயலாது. இத்தீவில் பெருமுத்துக்கள் மிகுதியாகக் கிடைக்கும் என்று கிறித்துவுக்கு முற்பட்ட காலத்திலேயே கிரேக்கத் தூதர் மெகஸ்தனீஸ் குறித்துவைத்தார். பின்னாளில் வந்த போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் இவ்வளத்தைத் தத்தம் அரசின் வருவாயாக்கிக் கொண்டனர்.

சிப்பிகள் வாழும் கடலடித் திட்டுக்குப் 'பார்' என்பது பெயர். ஆங்கிலேயர் காலத்தில் அரசினர் பார்களைச் சோதித்து, மாதிரிக்கெடுத்த சிப்பிகளின் முத்தை மதிப்பிட்ட பின்னரே சலாபத்தை அறிவிப்பர். அறிவித்ததும் சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி முதலிய மணற்கரைகளில் ஓலைக் கொட்டில்களாலான நகரமொன்று எழும். தூத்துக்குடி, கீழக்கரை ஆகிய இடங்களிலிருந்தும் அராபியக் கரைகளிலிருந்தும் குளிகாரர் வந்து குவிவர். தோணியிலிருப்பவர் கயிற்றைப் பிடித்திருக்க, கல்லில் காலூன்றி இறங்கும் குளிகாரர் ஏறத்தாழ ஒரு நிமிடம் மூச்சடக்கிச் சிப்பி வாருவர். பிற்கால வழக்கின்படி, அச்சிப்பியில் மூன்றிலொரு பங்கு குளிகாரரைச் சேரும். எஞ்சியது அரசின் பங்காக ஏலத்திற் போகும்.

ஆயினும் இச்செல்வம் நிலையானதன்று. 1837ஆம் ஆண்டுக்குப் பின்னர் 1855 வரை சலாபமே நிகழவில்லை. 1891இன் பின்னரும் பார்கள் நெடுநாள் வறண்டு கிடந்தன. காரணம் காணுமாறு பேராசிரியர் ஹேர்ட்மன் அழைக்கப்பட்டார். பெயர்ந்துவரும் மணல் மூடுவதாலும், மீனினங்கள் தின்பதாலும் இளஞ்சிப்பிகள் அழிவதை அவர் எடுத்துக்காட்டினார். நெருங்கி வளர்ந்தவற்றைப் பெயர்த்து நல்ல பார்களில் இடுதல் வேண்டும் என்பது அவர் கூறிய மருந்து.

1903இல் சலாபம் மீண்டது. 1905இல் அரசின் வருவாய் ஏறத்தாழ 25 இலட்சம் ரூபாயாக உயர்ந்தது. மறு ஆண்டே, ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வீதம், 20 ஆண்டுகளுக்குப் பார்கள் இலண்டன் கம்பனியொன்றுக்குக் குத்தகையாயின. ஆனால் 1907இன் பின்னர் வாரச் சிப்பி இல்லை. கம்பனி சில ஆண்டுகளில் கலைந்தது. அடுத்த சலாபத்தைக் காண 1925 வரை காத்திருக்க நேர்ந்தது.

ஐந்தாண்டு இடைவிடாது வாரியதே கேட்டுக்குக் காரணம் என்பர் சிலர். கடலின் இயல்பான மாறுதலே என்பர் வேறு சிலர். எதுவாயினும், கிடைத்த ஆண்டின் கணக்கை வைத்துக் கிடைக்கப்போகும் 20 ஆண்டுகளுக்கு விலை பேசியது பெரும்பிழை. சோதித்தறிந்து, விளைந்ததை மட்டும் எடுத்து, விளையாத ஆண்டிற் கைகட்டி நிற்பதே சலாபத்தின் பழைய ஒழுங்கு.

அரிப்புக் கரையில் தேசாதிபதி நோர்த் கட்டுவித்த மாளிகை இன்று இடிந்து கிடக்கின்றது. மீனாயினும் சங்காயினும் கடலட்டையாயினும், கடலை நம்பி வாழும் தீவு அவ்வொழுங்கைக் கைவிடுதல் ஆகாது.